பனிச்சரிவு மீட்புக்கு நம்பகமான ஷவல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் ஆறு ஒரே பொருளைப் பற்றியவை. முதல் கடிதம் ஓசூரிலிருந்து வந்தது; அதை எழுதியவர் தம் நண்பர்களிடமும் பேசியிருப்பார் போலும், மற்றவை அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. பனியே பெய்யாத நம் மண்ணில் இந்தக் கேள்விகளுக்கு என்ன தேவை என்று எவரும் எண்ண வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் ராணுவத்திலும் வெளிநாட்டு வேலையிலும் பனிமலைகளின் அருகே வாழ்கிறார்கள். காஷ்மீரில் பணியாற்றிய ஆண்டுகளில் பனியைத் தோண்டியவன், இப்போது கிருஷ்ணகிரியில் இரும்புச் சாமான் கடை நடத்துபவன் என்ற இரண்டு அனுபவங்களையும் வைத்துக்கொண்டு இவற்றுக்கு விடையளிக்கிறேன்.

கேள்வி: என் தம்பி கனடாவின் கல்கரி நகரில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறான். நண்பர்களோடு சேர்ந்து, பனிமேல் ஓடும் வண்டியான ஸ்னோமொபைல் ஒன்றைப் பழையதாக வாங்கி, குளிர்கால விடுமுறைகளில் ரெவெல்ஸ்டோக் பக்கத்து மலைகளுக்குச் சென்று வருகிறான். பனிச்சரிவில் யாராவது புதைந்தால் தோண்டி எடுக்க ஒரு ஷவல் வாங்க வேண்டும் என்கிறான். எடை குறைந்த பிளாஸ்டிக் ஷவலே போதும் என்று ஒரு நண்பர் சொல்கிறாராம்; ராணுவத்தினர் வைத்திருக்கும் மடக்கு ஷவல்தான் சிறந்தது என்று இன்னொருவர் சொல்கிறாராம். எதை வாங்கச் சொல்வது? (ஓசூர் வாசகர்)

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அலுமினியத் தகடும், நீட்டிக் குறுக்கக்கூடிய உறுதியான காம்பும், தடித்த கையுறை அணிந்த கைக்கு அடங்கும் பிடியும் கொண்டதாக, பனிச்சரிவு மீட்புக்கென்றே செய்யப்பட்ட ஷவலை அவர் வாங்கட்டும். இதற்கான காரணம் ஷவலில் இல்லை, பனியில் இருக்கிறது. ஆகவே சரிந்து வந்து நின்ற பனி எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

படங்களில் பஞ்சுபோல் தெரியும் பனியைப் பார்த்துப் பழகிய நமக்கு, அதை வாருவது களத்தில் உமியை வாருவதைப் போல எளிது என்று தோன்றுவது இயல்பு. புதிதாக விழுந்து படிந்த பனி உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ எடைதான் வரும். ஆனால் மலைச்சரிவில் பெயர்ந்து உருண்டோடும்போது அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கி மாவாகின்றன. ஓட்டம் நின்றதும் அந்த மாவு நெருங்கிப் படிந்து, துகளோடு துகள் ஒட்டி, சில நிமிடங்களுக்குள் கெட்டியாகிவிடுகிறது. பாலக்கோடு பக்கத்து வெல்ல ஆலைகளில், கொப்பரையிலிருந்து ஊற்றும்போது நீராக ஓடிய பாகு, சற்று நேரத்தில் கரண்டி இறங்காதபடி இறுகிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இப்படி இறுகிய பனி ஒரு கன மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ வரை, சில வேளைகளில் அதற்கு மேலும் எடை கொண்டது. அதற்குள் புதைந்தவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. வெளியே நிற்பவரால் வெறுங்கையால் ஒரு பிடி அளவுகூடப் பறிக்க முடியாது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஒரு மீட்டர் ஆழத்தில் புதைந்திருக்கிறார் என்று கொள்வோம். அவரை அடைய ஒரு மீட்டர் ஆழம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீளம் தோண்ட வேண்டும் என்றால், கன மீட்டருக்கு 400 கிலோ வீதம் 600 கிலோ பனியை அகற்ற வேண்டியிருக்கும். ஒரு வீச்சுக்கு இரண்டு கிலோ என்றால் 300 வீச்சு. நிமிடத்துக்கு 25 வீச்சு போட்டாலும் 12 நிமிடம் ஆகும். புதைந்து இறப்பவர்களில் பெரும்பாலோர் மூச்சு முட்டித்தான் இறக்கிறார்கள். முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்படுபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் கடந்தால் அது பத்தில் மூன்று பேர் என்ற அளவுக்குச் சரிந்துவிடுகிறது. இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மீட்புப் பணியின் பெரும்பகுதி நேரம் தோண்டுவதிலேயே போகிறது என்பதும், ஒவ்வொரு வீச்சுக்கும் ஷவல் ஒழுங்காகப் பனிக்குள் இறங்குகிறதா என்பதில் ஓர் உயிர் தொங்குகிறது என்பதும் தெரியும்.

பிளாஸ்டிக் தகடு இந்தப் பனியில் இறங்காது. குத்தினால் வளைந்து, பாறைமேல் வைத்த தென்னை மட்டையைப் போல வழுக்கிக்கொண்டு போகும். பலம் கொடுத்து அழுத்தினால் உடைந்தும் போகும். எடையில் மிச்சமாவது சில நூறு கிராம் மட்டுமே. நல்ல அலுமினிய ஷவலே 700 முதல் 900 கிராம்தான் இருக்கும் என்னும்போது, அந்தச் சில நூறு கிராமுக்காக இவ்வளவு பெரிய ஆபத்தை ஏற்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ராணுவ மடக்கு ஷவலை நான் மதிக்கிறேன். அது பதுங்குகுழி வெட்டுவதற்கென்று செய்யப்பட்டது. ஆனால் அதன் தகடு சிறியது, காம்பு குட்டையானது, எஃகால் ஆனதால் எடையும் மிகுதி. நூற்றுக்கணக்கான கிலோ பனியை நிமிடக் கணக்கில் அகற்ற அது உதவாது.

அலுமினியம் என்று சொன்னால் மட்டும் போதாது. 6061 என்ற கலவையை டி6 என்ற முறையில் வெப்பப்படுத்திப் பதப்படுத்தியிருந்தால் அது நம்பத்தக்கது. நல்ல தயாரிப்பாளர்கள் இதைப் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். தகட்டின் முன்விளிம்பு நேராகவோ சற்றே கூராகவோ இருக்கலாம். குழிவு மிகுந்த தகட்டைவிட, ஓரளவு தட்டையாக, முதுகில் நீளவாக்கில் விலா எலும்பு போன்ற மடிப்புகள் கொண்ட தகடே இறுகிய பனியை நேராக வெட்டும். மேல்விளிம்பில் காலணியை வைத்து மிதிக்கப் பட்டையான இடம் இருக்க வேண்டும். அது கூராக இருந்தால் மிதிக்கும்போது வழுக்கும். அளவைப் பொறுத்தவரை, பெரிய தகடாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். பெரிய தகட்டில் ஒவ்வொரு வீச்சின் எடையும் கூடுவதால், மூன்றாவது நிமிடத்திலேயே தோள் சோர்ந்துவிடும். பலசாலியான ஆள் என்றால் சற்றுப் பெரியதையும், மற்றவர்கள் நடுத்தர அளவையும் எடுப்பதே சரி.

காம்பைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கடையில் எல்லோரும் தகட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள், காம்பைப் பார்ப்பதில்லை. உருண்டைக் குழாய்க்குள் உருண்டைக் குழாய் செருகிய காம்பு, பொத்தான் தன் துளையில் விழும் இடத்தைத் தேடிச் சுழன்றுகொண்டே இருக்கும். முட்டை வடிவமோ பட்டை வடிவமோ கொண்ட குழாய் ஒரே நிலையில்தான் செருகும். பொத்தான் தானே துளையில் விழுந்து பூட்டிக்கொள்ளும். ஒரு பயிற்சியின்போது என் கையிலிருந்த உருண்டைக் காம்பின் பொத்தான் மேல் ஈரம் உறைந்து, அது உள்ளே அமுங்க மறுத்துவிட்டது. பல்லால் கையுறையைக் கழற்றி, மூச்சுக்காற்றை ஊதி, விரலால் அழுத்தி அதை விடுவிப்பதற்குள் பொன்னான நேரம் போயிற்று. புதைத்து வைத்திருந்தது ஒரு மூட்டைதான், மனிதர் இல்லை. ஆனாலும் அன்று பட்ட பதற்றம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. நீட்டிய நிலையில் மொத்த ஷவலும் 80 முதல் 100 செ.மீ. நீளம் வரட்டும். நீளமான காம்பு நெம்புவதற்கு வலுத் தரும், முதுகையும் காக்கும். நீட்டாத நிலையிலும் பயன்படுத்த முடிய வேண்டும். ஆழமான குழிக்குள் மண்டியிட்டுத் தோண்டும்போது குட்டைக் காம்புதான் வசதி.

பிடியில் இரண்டு வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன: குறுக்குக்கட்டை போன்றது ஒன்று, வளையம் போல மூடியது இன்னொன்று. முதுகுப்பையில் அடங்குவதற்கு முதலாவது வசதிதான். ஆனால் ஸ்னோமொபைல் ஓட்டுபவர்கள் அணியும் தடித்த கையுறைக்கு வளையப் பிடியையே நான் பரிந்துரைப்பேன். கடைக்குப் போகும்போது தம்பி தன் கையுறையை எடுத்துச் செல்லட்டும். அதை அணிந்துகொண்டே ஷவலைப் பூட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுக்கட்டும்.

சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யு.ஐ.ஏ.ஏ. பனிச்சரிவு மீட்பு ஷவல்களுக்கென்று 156 என்ற எண்ணில் ஒரு தரநிலை வகுத்திருக்கிறது. அந்தத் தரச்சான்று பெற்ற ஷவல் என்றால் காம்பும் தகடும் அவை சேரும் இடமும் பளு ஏற்றிச் சோதிக்கப்பட்டவை என்று பொருள். விலை ஏறத்தாழ 70 முதல் 150 கனடா டாலர் வரை ஆகலாம். ஸ்னோமொபைலுக்கு அவர்கள் செலவிட்ட தொகையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது.

கேள்வி: ஓசூர் சிப்காட் பகுதியில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். அலுமினியத் தகட்டை வளைத்து, குழாயை வெல்டிங் செய்து, அப்படியொரு ஷவலை நானே செய்து கொடுக்க முடியாதா? (ஓசூர் வாசகர், மேற்கண்டவரின் நண்பர்)

பதில்: உங்கள் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆயினும் இந்த ஒரு பொருளைச் செய்து கொடுக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். நம் பகுதிக் கடைகளில் எளிதில் கிடைக்கும் அலுமினியக் குழாய்கள் பெரும்பாலும் ஜன்னல், கதவு வேலைக்கான 6063 வகையைச் சேர்ந்தவை; அவை 6061 டி6-ஐவிட மென்மையானவை. சரியான கலவையையே தேடிப்பிடித்து வாங்கினாலும், வெல்டிங் செய்தவுடன் அந்தச் சூடு பட்ட பகுதியில் வெப்பப்பதம் கலைந்து, வலிமை கணிசமாகக் குறைந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். அதை மீட்க, முழுப் பொருளையும் மீண்டும் உலையில் ஏற்றிப் பதப்படுத்த வேண்டும். ஷவலில் நெம்புவிசை முழுவதும் வந்து விழும் இடம் எது என்று பாருங்கள்: தகடும் காம்பும் சேரும் கழுத்து. வெல்டிங் விழுவதும் அங்கேதான். தொழிற்சாலைகள் அந்த இடத்தைப் பெரும்பாலும் தகட்டையே அழுத்தி உருவாக்கிய குழிக்குள் காம்பைச் செருகி அமைப்பதற்கு இதுவே காரணம்.

உங்கள் பட்டறை உதவக்கூடிய இடம் ஒன்று உண்டு. தம்பி ஊருக்கு வரும்போது ஷவலையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கழுத்திலும் பொத்தான் துளைகளைச் சுற்றியும் மயிரிழை விரிசல் விழுந்திருக்கிறதா என்று உங்கள் கண் கண்டுபிடிக்கும் அளவுக்கு அவர்களுடைய கண் கண்டுபிடிக்காது. விரிசல் இருந்தால் அதை ஒட்டவைத்துக் கொடுக்காமல், தூக்கிப் போடச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் தலைமுறையாக மண்வெட்டி பிடித்தவர்கள். அள்ளி வீசும் ஷவலைவிட மண்வெட்டியால் இழுப்பதுதான் எங்களுக்கு வேகமாக வரும். பனிக்கு மண்வெட்டி ஆகாதா? (பென்னாகரம் வாசகர்)

பதில்: மிக நுட்பமான கேள்வி, இதைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பனிச்சரிவு ஷவல்களில் சில, தகட்டைக் கழற்றிக் காம்புக்குக் குறுக்காகப் பூட்டி, அச்சு அசலாக மண்வெட்டியைப் போலவே ஆக்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. ஸ்னோமொபைல் ஓட்டுபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் அந்த வகையைத்தான். அதற்கு இரண்டு காரணங்கள். 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த வண்டி இளம்பனியில் அடிக்கடி புதைந்துகொள்ளும். அப்போது அடியில் சிக்கிய பனியை இழுத்து வெளியேற்ற மண்வெட்டி வடிவமே சிறந்தது. மீட்பின்போதும், குழியின் முனையில் நிற்பவர் வெட்டித் தள்ளும் பனியைப் பின்னால் நிற்பவர் கீழ்நோக்கி இழுத்து அகற்றுவதற்கு அது மிகவும் ஏற்றது.

ஆனால் முனையில் நிற்பவர் மண்வெட்டி வடிவத்தைப் பயன்படுத்தலாகாது. ஓங்கி வெட்டும் வீச்சு அடியில் கிடப்பவரின் தலையிலோ கையிலோ பட்டுவிடலாம். அவர் ஷவல் வடிவத்தில், தகட்டின் விளிம்பால் பனியைப் பாளம் பாளமாக நறுக்கிப் பெயர்க்க வேண்டும். பெயர்த்த பாளத்தைத் தலைக்கு மேல் தூக்கி வீசக் கூடாது. ஒகேனக்கல்லில் பரிசலோட்டி துடுப்பால் நீரைத் தள்ளுவதுபோல், தன் இடுப்புக்குப் பக்கவாட்டில் பின்னோக்கித் தள்ள வேண்டும். தூக்குவதில் செலவாகும் வலுவைத் தள்ளுவதில் மிச்சம் பிடிப்பதே இதன் உட்கருத்து.

எங்கே தோண்டத் தொடங்குவது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். புதைந்தவரைத் தேடிப் பனிக்குள் குத்திப் பார்க்கும் துழாவும் கோல் ஆளின்மேல் தட்டுப்பட்டதும், அந்தக் கோலைச் சுற்றி நேராகக் கீழே கிணறு வெட்டத் தொடங்குவார்கள். அது கூடாது. கோலை உருவாமல் அப்படியே விட்டுவிட்டு, அது காட்டும் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் சரிவின் கீழ்ப்பக்கமாக இறங்கி, அங்கிருந்து கோலை நோக்கித் தோண்டிக்கொண்டு வர வேண்டும். ஆழம் ஒரு மீட்டர் என்றால் ஒன்றரை மீட்டர் கீழே தொடங்க வேண்டும். இப்படிச் செய்தால் தோண்டிய பனி தானாகவே கீழே வழிந்துபோகும். புதைந்தவரின் மார்புக்கு மேல் நாம் ஏறி நின்று, அவர் முகத்தருகே எஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்சக் காற்றிடத்தை நசுக்கிவிடும் ஆபத்தும் இராது. நான்கைந்து பேர் இருந்தால் கோலுக்கு அருகே ஒருவர், அவருக்குப் பின்னால் இருபுறமும் விரிந்து மற்றவர்கள் என்று ஆப்பு வடிவில் நின்று, சில நிமிடங்களுக்கு ஒருமுறை முனையில் இருப்பவரை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆப்பு வடிவில் நிற்கும் இந்த முறை மனுவேல் கென்ஸ்வைன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் வகுத்துப் பரப்பியது. நடவு வயலிலும் களத்துமேட்டிலும் வரிசை கட்டி வேலை செய்து பழகிய நம்மவர்களுக்கு இது எளிதில் கைவரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: ஷவலை ஸ்னோமொபைலிலேயே கட்டி வைத்துவிட்டால் முதுகுக்குப் பாரம் இல்லையே? (சூளகிரி வாசகர்)

பதில்: கட்டி வைக்கக் கூடாது. சரிவு வரும்போது வண்டி ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் பிரிந்து போவது வழக்கம். வண்டி புதைந்தால் ஷவலும் அதோடு புதைந்துவிடும். ஷவல், துழாவும் கோல் இரண்டும் முதுகுப்பைக்குள் இருக்க வேண்டும். புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டச் சமிக்ஞை அனுப்பும் டிரான்ஸீவர் உடலோடு வாரால் கட்டப்பட்டிருக்க வேண்டும். வண்டியைத் தோண்டி எடுக்க இன்னொரு ஷவலை வண்டியில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. உயிரைக் காக்கும் ஷவலால் வண்டியின் அடியில் சுழலும் பட்டையை நெம்பி அதன் கழுத்தை வளைத்துவிடாமல் இருக்க அதுவே நல்ல வழியும்கூட. குழுவில் ஒருவரிடம் இருக்கிறதே என்று மற்றவர்கள் விட்டுவிடவும் கூடாது. அந்த ஒருவரே புதைந்து போனால் வெளியே நிற்கும் எவரிடமும் எதுவும் இராது.

கேள்வி: என் மகனும் அதே நாட்டில்தான் இருக்கிறான். பத்து நிமிடம், அரை மணி நேரம் என்றெல்லாம் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். ஆனால் 2016இல் சியாச்சினில் பனிக்குள் புதைந்த ஒரு ராணுவ வீரர் ஆறு நாள் கழித்து உயிரோடு கிடைத்தாரே? டிரான்ஸீவர் இருந்தால் யாராவது வந்து கண்டுபிடித்துவிட மாட்டார்களா? (காவேரிப்பட்டணம் வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கேள்வியில் உள்ள நம்பிக்கையைக் குலைக்க எனக்கு மனமில்லை. ஆனால் இந்த இடத்தில் உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் உங்கள் மகனுக்குப் பாதுகாப்பு. 2016 பிப்ரவரி 3ஆம் நாள், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்நிலையின்மீது பனிப்பாளம் சரிந்து, மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதைந்தார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் ஆறு நாள்களுக்குப் பிறகு உயிரோடு மீட்கப்பட்டார். அவர் இருந்த கூடாரத்துக்குள் காற்று தங்கியிருந்ததே காரணம் என்று அப்போது கூறப்பட்டது. டெல்லி ராணுவ மருத்துவமனையில் பிப்ரவரி 11 அன்று அவரும் இறந்துபோனார். மற்ற ஒன்பது பேரும் உயிரோடு கிடைக்கவில்லை. உயிரிழந்தவர்களில் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவர் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து இளைஞர். அந்தச் செய்தி வந்த நாளில் என் கடையில் வியாபாரமே ஓடவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அதையே பேசிவிட்டுப் போனார்கள். அங்கே பனி பல அடி ஆழத்துக்குப் பாறைபோல உறைந்திருந்தது. பாறை துளைக்கும் கருவிகளும் மோப்ப நாய்களும் தேவைப்பட்டன. அது அரிதினும் அரிதான நிகழ்வு. அதை அளவுகோலாக வைத்து எவரும் காத்திருக்க முடியாது.

டிரான்ஸீவர் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் கருவி மட்டுமே. 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது அனுப்பும் சமிக்ஞையைப் பிடித்து, பழகியவர்கள் சில நிமிடங்களில் அருகே வந்துவிடுவார்கள். இரண்டரை மீட்டருக்குக் குறையாத துழாவும் கோலால் குத்திப் பார்த்து இடத்தை உறுதி செய்வார்கள். அதன் பிறகும் நான் மேலே கணக்கிட்ட 600 கிலோ பனி அங்கேயே இருக்கும். அந்தப் பனியை அகற்றுவது ஷவலும் கூட வந்த நண்பர்களின் தோளும்தான். அரசு மீட்புக்குழு ஹெலிகாப்டரில் வந்து சேர்வதற்குள் அந்த அரை மணி நேரம் பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும். ஆகவே கூட வந்தவர்கள்தான் முதல் மீட்புக்குழு. பல வேளைகளில் அவர்களைத் தவிர வேறு எவரும் உரிய நேரத்தில் வந்து சேர்வதில்லை.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. மீட்பதற்கு ஆள் வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் புதையாமல் இருக்க வேண்டும். 2010 மார்ச் 13 அன்று ரெவெல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில், செங்குத்தான சரிவில் ஸ்னோமொபைல் ஏற்றும் நிகழ்ச்சியை வேடிக்கை பார்க்கத் திரண்டு நின்றவர்கள்மீது பனி சரிந்தது. 2 பேர் இறந்தார்கள், சுமார் 30 பேர் காயமடைந்தார்கள். சரிவில் ஒரு வண்டி மட்டும் ஏற வேண்டும், மற்றவர்கள் பனி வந்து விழக்கூடிய இடத்துக்கு வெளியே நிற்க வேண்டும், சிக்கிக்கொண்ட நண்பருக்கு உதவ இன்னொருவர் அதே சரிவில் ஏறக் கூடாது என்ற விதிகள் எல்லாம் ஷவல் பிடிக்கும் கைகளை வெளியே மிச்சம் வைப்பதற்காகத்தான்.

மகனிடம் தொலைபேசியில் பேசும்போது, ரெவெல்ஸ்டோக்கில் இயங்கும் அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பின் பனிச்சரிவு முன்னறிவிப்பை மலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு நாளும் காலையில் பார்க்கிறானா, அவர்கள் பாடத்திட்டப்படி நடக்கும் முதல்நிலைப் பயிற்சியை முடித்திருக்கிறானா என்று கேளுங்கள். தாய் கேட்டால் பிள்ளைகள் செய்கிறார்கள் என்பதை என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வேலை கிடைத்து டிசம்பரில் கல்கரிக்குப் புறப்படுகிறேன். ஓசூர் வாசகரின் தம்பியோடுதான் தங்கப் போகிறேன். பனியே இல்லாத தருமபுரியில் இருந்தபடி ஷவல் பயிற்சி எதையாவது செய்ய முடியுமா? (தருமபுரி வாசகர்)

பதில்: செய்ய முடியும், புறப்படும் முன் செய்துவிடுவதே நல்லது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் அனுமதி கேட்டு, நனைந்த எம்-சாண்ட் குவியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஈர மணல் கன மீட்டருக்கு 1,500 கிலோவுக்கு மேல் எடை கொண்டது, அதாவது இறுகிய பனியைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகவே வீச்சின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் சாக்கு ஒன்றில் வைக்கோலை அடைத்து, முழங்கை ஆழத்தில் நண்பர் ஒருவரைப் புதைத்து வைக்கச் சொல்லுங்கள். நீண்ட மூங்கில் குச்சியால் ஒரு சாண் இடைவெளியில், நடுவிலிருந்து சுருள் சுருளாக வெளியே போகும்படி குத்திக் கண்டுபிடியுங்கள். குச்சி பட்ட பிறகு அதை உருவாமல் விட்டுவிட்டு, கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்டுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண ஷவல் இதற்குப் போதும். பனிக்கென்று வாங்கிய அலுமினிய ஷவலை மணலிலும் ஜல்லியிலும் போட்டு அதன் விளிம்பை மழுக்க வேண்டாம்.

இந்தப் பயிற்சியில் நீங்கள் உணரப்போவது ஒன்று உண்டு. முதல் ஒரு நிமிடம் எல்லோரும் வெறி பிடித்தது போலத் தோண்டுவார்கள். மூன்றாம் நிமிடத்தில் மூச்சு வாங்கும். சீரான வேகத்தில் தொடங்கி, சோர்வு வரும் முன்பே இடம் மாற்றிக்கொள்ளும் பழக்கத்தை மணலிலேயே கற்றுக்கொள்ளுங்கள். சாக்கு தென்பட்டதும், எந்தப் பக்கம் தலை என்று முன்கூட்டியே குறித்து வைத்த பக்கத்தை முதலில் வெளிக்கொணருங்கள். உண்மையான மீட்பில் முகத்தைத் திறந்து, வாயிலும் மூக்கிலும் அடைத்த பனியை அகற்றி, மூச்சு வருகிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. காலையும் இடுப்பையும் பிறகு தோண்டிக்கொள்ளலாம். கழுத்து, தலைப் பகுதியை நெருங்கும்போது ஷவலை வைத்துவிட்டுக் கையால் பனியை நீக்க வேண்டும்.

கல்கரிக்குப் போய்ச் சேர்ந்து ஷவல் வாங்கியதும், அதை முதுகுப்பையில் எந்த இடத்தில் வைப்பது என்று முடிவு செய்து, எப்போதும் அதே இடத்திலேயே வையுங்கள். தகடு, காம்பு, கோல் ஆகிய மூன்றும் பையைத் திறந்தவுடன் ஒரே இழுப்பில் வர வேண்டும். மேலே தண்ணீர்க் குப்பியும் சாப்பாட்டுப் பொட்டலமும் அடைத்திருக்கக் கூடாது. மலைக்குப் போகும் முன்தினம் இரவு, வீட்டு வாசலில் கையுறையோடு நின்று, கண்ணை மூடிக்கொண்டு, பையிலிருந்து எடுத்துக் காம்பைத் தகட்டில் செருகிப் பொத்தான் விழும் சத்தம் கேட்கும் வரை எத்தனை நொடி ஆகிறது என்று தம்பியை எண்ணச் சொல்லுங்கள். இருபது நொடிக்கு மேல் போனால் மறுபடியும் செய்யுங்கள். காலையில் வண்டியைக் கிளப்பும் முன், பொத்தானில் ஈரம் படிந்து உறைந்திருக்கிறதா என்று இன்னொரு முறை விரலால் அழுத்திப் பாருங்கள்.